பிப்பெட்டிலிருந்து கணினிக்கு: உயிரியல் முனைவர் பட்ட ஆய்வாளர் நோய்த் தரவு ஆய்வுக்கு மாற ஒரு முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் நான் செல் வளர்ப்பு அறையை விட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். அதன் பிறகு, அதே பாதையில் வந்த பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புரோகிராமிங் புரியாமல் நின்றுபோனவர்கள் குறைவு. வரிசை மாறிப் போனதால் ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள்தான் அதிகம்: முதலில் மெஷின் லேர்னிங் வகுப்பு, அப்புறம் இரண்டு மொழி, அப்புறம் பெரிய தரவு, கடைசியில் "சரி, என்ன கேள்வி?" என்ற யோசனை. கீழே இருப்பது இதற்கு நேர்மாறான வரிசை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி ஒன்று போதும். ஆர்என்ஏ சீக்வென்சிங்கில் கிடைக்கும் எண்ணிக்கை அட்டவணையை (எந்தச் சாம்பிளில் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எத்தனை முறை வந்தது என்ற பட்டியல்) பகுப்பாய்வு செய்ய அதற்கு மேல் தேவைப்படாது. மூலக் கோப்புகளிலிருந்தே தொடங்குவதென்றால் கதை வேறு. 'ஸ்டார்' என்ற மென்பொருளால் மனித மரபணுத்தொகையோடு பொருத்திப் பார்க்க ஏறத்தாழ 30 ஜிபி நினைவகம் வேண்டும். அதற்கு உங்கள் நிறுவனத்தின் கிளஸ்டரில் (பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய கணினித் தொகுதி) ஒரு கணக்கு வாங்கிவையுங்கள். கணக்குக் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். இன்குபேஷன் நடக்கும் இருபது நிமிடத்தில் கோடு (புரோகிராம்) எழுதிப் பழகலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். முடியாது. எங்கே விட்டோம் என்று நினைவுபடுத்துவதற்குள் டைமர் அடித்துவிடும். வாரத்தில் இரண்டு அரை நாட்களை முழுதாக ஒதுக்குங்கள்; அன்றைக்குச் சோதனை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, நெறியாளரின் சம்மதம். "கணினிப் பகுப்பாய்வு கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று சொன்னால் அது பொழுதுபோக்கு மாதிரித் தெரியும். "நம் ஆய்வகத்தில் கிடக்கும் அந்த சீக்வென்சிங் தரவை நானே பார்க்கிறேன், ஆறு மாதம் கொடுங்கள்" என்றால் பேச்சு நடக்கும்.

நான்காவதுதான் பலர் விட்டுவிடுவது: பக்கத்தில் ஒரு ஆள். வாரம் அரை மணி நேரம் உங்கள் திரையைப் பார்க்கச் சம்மதிக்கும், இந்த வேலையை ஏற்கனவே செய்கிற ஒருவர். வேறு துறையில் இருந்தாலும் பரவாயில்லை.

2. கேள்வியை முதலில் பிடியுங்கள்

ஒரே வாக்கியத்தில் நோய், திசு அல்லது செல், ஒப்பீடு மூன்றும் வரும்படி கேள்வியை எழுதுங்கள். "புற்றுநோயில் மரபணுக்கள் எப்படி மாறுகின்றன" என்பது கேள்வி ஆகாது. "மூச்சுக்குழாயின் மென்தசை செல்கள் ஸ்டீராய்டு கொடுத்த பின் எந்த மரபணுக்களைக் கூட்டுகின்றன" என்பது கேள்வி.

நோயை உங்களுக்கு ஏற்கனவே பழக்கமான இடத்திலிருந்து எடுங்கள். காரணம் எளிது. கணினி தரும் விடை சரியா தவறா என்று முதல் ஒரு வருடத்துக்குக் கோடைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. உயிரியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கல்லீரலில் ஆய்வு செய்தவர் ஆல்புமின் குறைவாக இருக்கும் "கல்லீரல் சாம்பிளை" ஒரு நொடியில் சந்தேகிப்பார். அதே ஆள் மூளைத் தரவை எடுத்துக்கொண்டால் எது வந்தாலும் நம்பிவிடுவார்.

புதிதாக வருகிறவர்கள் உயிரியலைப் பழைய சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு வரப் பார்க்கிறார்கள். பிழையைப் பிடிக்க இப்போதைக்கு உங்களிடம் இருக்கிற ஒரே கருவி அதுதான்.

3. கமாண்ட் லைன், அப்புறம் ஒரே ஒரு மொழி

சுட்டி இல்லாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனில் இரண்டு வாரம் போதும். கோப்புறைகளுக்குள் நகர்வது, பெரிய கோப்பின் முதல் பத்து வரியைப் பார்ப்பது, வரிகளை எண்ணுவது, ஒரு சொல்லைத் தேடுவது, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் குழாய் போட்டு அனுப்புவது, தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைவது. இவ்வளவுதான். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், சீக்வென்சிங் கோப்புகளைச் சுட்டி வைத்துத் திறக்க முடியாது. ஒரு சாம்பிளே பல ஜிபி இருக்கும்.

கிளஸ்டரில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் நுழையும் கணினி எல்லாருக்கும் பொதுவான வாசல். கனமான வேலையை அங்கேயே ஓடவிட்டால் மற்றவர்கள் வேலை நின்றுவிடும், நிர்வாகியிடமிருந்து கடிதம் வரும். ஸ்லர்ம் போன்ற வரிசை மென்பொருளிடம் வேலையை ஒப்படைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மொழிக்கு வருவோம். ஆர் மொழியா, பைத்தானா? மரபணு வெளிப்பாடு, புள்ளியியல் என்றால் ஆர், ஏனென்றால் உயிரியல் தரவுக்கென எழுதிய பயோகண்டக்டர் தொகுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. படங்கள், டீப் லேர்னிங் என்றால் பைத்தான். ஒற்றைச் செல் ஆய்வுக்கு இரண்டும் உண்டு: ஆரில் சூராட், பைத்தானில் ஸ்கேன்பை. இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? உங்கள் திரையைப் பார்க்கச் சம்மதித்த அந்த ஆள் எதில் எழுதுகிறாரோ அதை எடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்குகிறவர்கள் இரண்டிலும் அட்டவணையைத் திறக்க மட்டும் கற்றுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் 'கிட்' என்ற மென்பொருளை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று கற்றவர்கள்தானே நாம். அதே ஒழுங்கு இங்கே கிட் வழியாக வருகிறது. "இறுதி", "இறுதி2", "உண்மையான இறுதி" என்று ஸ்கிரிப்டுகளைக் குவித்துவைத்தால் மூன்று மாதம் கழித்து எந்தப் படம் எதிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

சாட்பாட்டிடம் கோடு கேட்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேளுங்கள். ஆனால் அது தந்ததை முதலில் ஐந்து வரி உள்ள, கையாலேயே விடை கணக்கிட்டுவிடக்கூடிய ஒரு சிறிய அட்டவணையில் ஓட்டிப் பாருங்கள். அது எழுதும் கோடு பெரும்பாலும் எர்ரர் இல்லாமல் ஓடிவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

4. சாம்பிள் அட்டவணையைச் சுத்தம் செய்யுங்கள்

பகுப்பாய்வுக்கு முன் இந்த வேலை. ஒரு சாம்பிளுக்கு ஒரு வரி. நோயா, ஒப்பிட எடுத்த கட்டுப்பாடா (கண்ட்ரோல்), வயது, பால், எந்த நாளில் ஆர்என்ஏ பிரித்தது, எந்தச் சுற்றில் சீக்வென்ஸ் செய்தது, யார் செய்தது எல்லாம் தனித்தனி நெடுவரிசை. பிற்பாடு வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த அட்டவணையில் தொடங்கியவை என்பது என் அனுபவம்.

எக்செல் கலத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்து "இது மறுபடி செய்த சாம்பிள்" என்று குறித்துவைக்கும் வழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. கோப்பை உரை வடிவில் சேமித்த கணத்தில் வண்ணம் போய்விடும், கூடவே தகவலும். அதற்கென ஒரு நெடுவரிசை போடுங்கள்.

"கண்ட்ரோல்", "கன்ட்ரோல்", கடைசியில் ஓர் இடைவெளியோடு "கண்ட்ரோல் ": கண்ணுக்கு மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்று குழுக்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்னென்ன மதிப்புகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

மரபணுப் பட்டியலை எக்செலில் திறந்து சேமிக்கவே சேமிக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் வழிக்கு வந்து, அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டது. பழைய தரவில் பழைய பெயர்கள் இன்னமும் இருக்கின்றன, ஆகவே பொறி அப்படியே இருக்கிறது.

மூலத் தரவு உள்ள கோப்புறையை எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். திருத்தம் எதுவானாலும் ஸ்கிரிப்டில் நடக்கட்டும். அப்போதுதான் என்ன திருத்தினீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கும்.

5. முதல் பகுப்பாய்வு: விடை தெரிந்த தரவில்

சொந்தத் தரவில் தொடங்காதீர்கள். அதில் வருவது உண்மையா பிழையா என்று சொல்ல ஆள் கிடையாது. நான் எல்லாருக்கும் கொடுப்பது பயோகண்டக்டரில் 'ஏர்வே' என்ற பெயரில் இருக்கும் தரவு. மனித மூச்சுக்குழாய் மென்தசைச் செல்கள், நான்கு பேரிடமிருந்து எடுத்த நான்கு செல் வரிசைகள். ஒவ்வொன்றிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தது ஒன்று, கொடுக்காதது ஒன்று. மொத்தம் எட்டு சாம்பிள். 2014இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்விலிருந்து வந்தது. சிறியது, மடிக்கணினியில் சில நிமிடங்களில் ஓடிவிடும்.

முதலில் அட்டவணையின் அளவைப் பாருங்கள். மரபணுவுக்கு ஒன்றாக 60 ஆயிரத்துக்கு மேல் வரிகள் இருக்கும். "மனிதனுக்குப் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20 ஆயிரம்தானே?" என்ற கேள்வி உங்களுக்குள் எழ வேண்டும். புரதம் தராத ஆர்என்ஏக்களும் போலி மரபணுக்களும் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலானவை பூஜ்யம். எட்டு சாம்பிளிலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத வரிகளை நீக்குங்கள்.

அடுத்து, எண்கள் முழு எண்களா என்று பாருங்கள். எந்த மரபணு கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடும் டிசீக்2 தொகுப்பு மூல எண்ணிக்கைகளைத்தான் எதிர்பார்க்கிறது. சாம்பிளின் அளவுக்கேற்பச் சீராக்கிய எண்களை முழு எண்களாக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், முடிவு கெட்டுவிடும். சாம்பிள் அட்டவணையின் வரி வரிசையும் எண்ணிக்கை அட்டவணையின் நெடுவரிசை வரிசையும் ஒன்றா என்றும் பாருங்கள். பெயர் இல்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் இடம் மாறியது யாருக்கும் தெரியாது.

இப்போது பிசிஏ படம்: ஒன்றுபோல் இருக்கும் சாம்பிள்கள் அருகருகே புள்ளிகளாக விழும் படம். ஒரு முறை மருந்தை வைத்து வண்ணம் கொடுங்கள், இன்னொரு முறை செல் வரிசையை வைத்து. இந்தத் தரவில் மருந்தால் வரும் பிரிவு பெரிது, ஆட்களால் வரும் பிரிவும் கணிசமானது. ஆகவே டிசைனில் (எந்தெந்தக் காரணிகளைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று டிசீக்2க்குச் சொல்லும் வரி) மருந்தை மட்டும் எழுதினால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரைச்சலாகிவிடும். செல் வரிசையையும் மருந்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் முன்பே செய்த இணை டி சோதனையின் தத்துவம்தான் இது.

அப்புறம் ஓட்டுங்கள். இங்கேதான் நான் காத்திருப்பேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி இந்தப் படியை முடித்துவிட்டுச் சந்தோஷமாகப் பட்டியலைக் காட்டினார். நூற்றுக்கணக்கான மரபணுக்கள், அழகான எரிமலைப் படம். எஃப்கேபிபி5 என்ன ஆனது என்று கேட்டேன். "ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றார். பிஇஆர்1? அதுவும் குறைந்திருந்தது. "எர்ரர் ஒண்ணும் வரலையே, எல்லாம் சரியாத்தானே ஓடுச்சு?"

எஃப்கேபிபி5, ஸ்டீராய்டு போய் ஒட்டும் புரதமான குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி நேரடியாகத் தூண்டும் மரபணு. ஸ்டீராய்டு கொடுத்தால் அது ஏற வேண்டும். அந்தத் தம்பியின் ஆய்வேடே அழற்சி பற்றியதுதான். சுவரில் வரைந்து காட்டச் சொன்னால் அந்தப் பாதையை முழுதாக வரைந்திருப்பார். ஆனால் கணினி முன் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டார்.

நடந்தது இதுதான். மருந்து கொடுத்த குழுவின் குறியீடு 'டி'யில் தொடங்குகிறது, கொடுக்காததன் குறியீடு 'யு'வில். ஆர் அகர வரிசையில் முதலில் வருவதை ஒப்பீட்டின் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மருந்து கொடுத்த செல்களே அடிப்படையாகி, எல்லாக் குறிகளும் தலைகீழாயின. ஒப்பீட்டின் அடிப்படை எது என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். அந்த ஒரு வரி இல்லாமல் வெளியாகும் நோய்த் தரவில், தடுக்க வேண்டிய புரதத்தைத் தூண்டும் மருந்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கற்பனைப் பயம் இல்லை இது. புற்றுநோய் மருந்துக்கு யார் கேட்பார்கள் என்று கணிப்பதாகச் சொன்ன சில ஆய்வுகளைக் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் மறுபடி கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. மருந்துக்குக் கேட்பவை, கேட்காதவை என்ற பெயர்ச்சீட்டுகள் இடம் மாறியிருந்தன. அந்தக் கணிப்புகளை நம்பி நோயாளிகளிடம் சோதனைகள் தொடங்கியிருந்தன. பிறகு அவை நிறுத்தப்பட்டன.

ஆகவே ஒரு பழக்கம்: ஓட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் "இவை ஏற வேண்டும், இவை இறங்க வேண்டும், இவை அசையக் கூடாது" என்று ஐந்தைந்து மரபணு எழுதிவையுங்கள். எழுதாமல் ஓட்டினால், வந்த விடைக்கு ஏற்பக் கதை சொல்ல நம் மூளைக்கு நன்றாகவே தெரியும். மனிதச் சாம்பிள்களில் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. எக்சிஸ்ட் என்ற மரபணு பெண்களில் மட்டும் உயர்ந்திருக்க வேண்டும், ஒய் குரோமோசோமில் உள்ள ஆர்பிஎஸ்4ஒய்1 ஆண்களில் மட்டும். அட்டவணையில் உள்ள பாலோடு இது பொருந்தவில்லை என்றால் குழாய்கள் எங்கோ மாறியிருக்கின்றன. எனக்கு இதில் இரண்டு முறை மாட்டியிருக்கிறது.

கடைசியாக, பட்டியலின் உச்சியில் உள்ள பத்து மரபணுக்களுக்கு ஒவ்வொரு சாம்பிளின் எண்ணிக்கையையும் புள்ளிகளாக வரையுங்கள். ஒரே ஒரு சாம்பிள் மட்டும் தனியாக மேலே நின்றுகொண்டு மொத்த முடிவையும் இழுக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

6. புள்ளியியல்: முதலில் மூன்று விஷயம்

முழுப் பாடத்திட்டத்தையும் முடித்துவிட்டு வரத் தேவையில்லை.

ஒன்று, பல சோதனைத் திருத்தம். 20 ஆயிரம் மரபணுக்களைச் சோதித்து பி-மதிப்புக்கு 0.05 என்று எல்லை வைத்தால், எதுவுமே மாறாத தரவிலும் சுமார் 1,000 மரபணுக்கள் "முக்கியமானவை" என்று வரும். அதனால்தான் பெஞ்சமினி, ஹாக்பெர்க் 1995இல் தந்த முறையில் திருத்திய மதிப்பைப் பார்க்கிறோம். திருத்தாத மதிப்பில் பட்டியலை நீளமாக்கிக் காட்டும் ஆசை எல்லாருக்கும் வரும்.

இரண்டு, எது உண்மையான பிரதி (ரெப்ளிகேட்). ஒரே செல் வரிசையை வளர்ப்புத் தட்டின் மூன்று கிணறுகளில் வளர்த்தால் அது மூன்று நோயாளிகள் ஆகாது. உங்கள் முடிவு அந்தச் செல் வரிசையைப் பற்றியதுதான், நோயைப் பற்றியதல்ல.

மூன்று, பேட்ச்: ஒரே சுற்றில் சேர்த்துச் செய்த சாம்பிள்கள். நோயாளிகள் எல்லாரும் ஒரு நாளில், கட்டுப்பாடுகள் எல்லாம் இன்னொரு நாளில் என்று செய்திருந்தால் நோயையும் நாளையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இதைச் சோதனைக்கு முன்பு சொன்னால் பத்து நிமிட வேலை. பிறகு சொன்னால் பணம் போனது போனதுதான். உங்கள் ஆய்வகத்தில் யாராவது அடுத்த மாதம் சாம்பிள் அனுப்பப் போகிறார்கள் என்றால் இப்போதே போய் அவர்கள் திட்டத்தைப் பாருங்கள். கோடு எழுதுவதைவிட இதில் நீங்கள் சீக்கிரம் பயன்படுவீர்கள்.

7. வெளியான கட்டுரை ஒன்றின் ஒரு படத்தைத் திரும்ப வரையுங்கள்

உங்கள் நோயில் ஒரு கட்டுரை, அதில் ஒரே ஒரு படம். தரவு, மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளைச் சேமிக்கும் ஜியோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கட்டுரையின் 'தரவு கிடைக்குமிடம்' பகுதியில் எண் இருக்கும். இந்தப் படிக்குக் காரணம், பயிற்சித் தரவில் யாரோ முன்பே சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே குப்பை உங்களுக்கே.

எண்கள் அப்படியே பொருந்தாது, பொருந்த வேண்டியதும் இல்லை. மாற்றத்தின் திசையும் உச்சியில் உள்ள மரபணுக்களும் ஏறக்குறைய பொருந்தினால் போதும். பொருந்தாவிட்டால் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

மரபணுத்தொகையின் பதிப்பு. 2009இல் வந்த ஜிஆர்சிஎச்37, 2013இல் வந்த ஜிஆர்சிஎச்38 இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஒரே மரபணுவின் முகவரி இரண்டிலும் வேறு. கலந்துவிட்டால் எர்ரர் வராது, தவறான இடம்தான் வரும்.

எண்ணத் தொடங்கும் இடம். மரபணுத்தொகையில் இடங்களைக் குறிக்கும் பெட் கோப்புகள் பூஜ்யத்திலிருந்து எண்ணும், மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்புகள் ஒன்றிலிருந்து. ஒரே ஓர் எழுத்து நழுவினால் மரபணு மாற்றமே வேறாகிவிடும்.

மரபணு அடையாள எண்ணின் கடைசியில் புள்ளி வைத்து வரும் பதிப்பெண். ஓர் அட்டவணையில் அது இருந்து மற்றதில் இல்லாவிட்டால் இணைக்கும்போது எல்லாம் காலி.

இரண்டு வாரம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வேறு கட்டுரை. சில கட்டுரைகளைத் திரும்ப வரையவே முடியாது. அது உங்கள் தவறாக இருக்க வேண்டியதில்லை.

8. நோயாளி தரவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

கூட்டிய எண்ணிக்கைகள் பல இடங்களில் திறந்தே இருக்கின்றன. ஆனால் தனி மனிதரின் மரபணு வரிசை பூட்டியிருக்கும். அமெரிக்காவின் டிபிகேப், ஐரோப்பிய மரபணுத்தொகைக் காப்பகம் போன்ற தரவுக் களஞ்சியங்களில் குழு ஒன்று பார்த்து அனுமதி தர வேண்டும், உங்கள் நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். மாணவர் பெயரில் விண்ணப்பம் பொதுவாகப் போகாது. நெறியாளர்தான் முதன்மை விண்ணப்பதாரர். வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால் ஐந்தாம் படியில் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.

அனுமதி கிடைத்த தரவை மடிக்கணினியில் இறக்குவது, வெளிச் சாட்பாட்டில் ஒட்டிக் கேள்வி கேட்பது, கோடு பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் தவறிப்போய் ஏற்றுவது: மூன்றும் பொதுவாக ஒப்பந்த மீறல். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மரபணு வரிசையே ஓர் அடையாளம்.

9. நோய்த் தரவுக்கே உரிய பொறிகள்

இந்த இடத்துக்கு வந்த பிறகு சறுக்குகிறவர்கள் கோடில் கெட்டிக்காரர்கள். அதனால் இந்தப் பிழைகள் கட்டுரை வரை போய்விடுகின்றன.

அல்சைமர் நோயாளியின் மூளைத் திசுவை அப்படியே அரைத்து ஆர்என்ஏ எடுத்தால் நரம்புச் செல்லுக்குரிய மரபணுக்கள் குறைந்திருக்கும். "இந்த மரபணுக்கள் ஒடுக்கப்படுகின்றன" என்று எழுதிவிடுவார்கள். நரம்புச் செல்கள் இறந்துவிட்டன, அதனால் அவற்றின் ஆர்என்ஏ இல்லை, அவ்வளவுதான். திசுவில் எந்தச் செல் எத்தனை பங்கு என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் எந்த மரபணுவைப் பற்றியும் பேசக் கூடாது. ரத்தத்திலும் அதே கதை: தொற்று வந்தால் நியூட்ரோபில்கள் பெருகும், அவற்றின் மரபணுக்கள் எல்லாம் "கூடும்".

இதற்குத்தானே ஒற்றைச் செல் முறை என்பீர்கள். சரி, அதிலும் ஒரு பொறி. மூன்று நோயாளிகளிடமிருந்து முப்பதாயிரம் செல்கள் எடுத்துவிட்டு, முப்பதாயிரத்தையும் தனித்தனிச் சான்றாக எண்ணினால் எல்லாமே முக்கியமானதாகத் தெரியும். உங்களிடம் இருப்பது மூன்று பேர். ஒவ்வொருவரின் ஒவ்வொரு செல் வகைக்கும் எண்ணிக்கைகளைக் கூட்டி, அப்புறம் ஐந்தாம் படியில் செய்த அதே முறையில் ஒப்பிடுங்கள்.

மரபணுத்தொகை முழுவதிலும் நோயோடு தொடர்புடைய இடங்களைத் தேடும் ஆய்வுகளில், பி-மதிப்பின் எல்லை 0.00000005. அதைத் தாண்டிய இடம் கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் மரபணுவைக் குற்றவாளி ஆக்குவது வழக்கமான தவறு. உடல் பருமனோடு தொடர்புடைய மாற்றங்கள் எஃப்டிஓ மரபணுவுக்கு உள்ளேயே கிடைத்தன. பல வருடங்கள் எல்லாரும் எஃப்டிஓவையே பார்த்தார்கள். 2014, 2015இல் வந்த ஆய்வுகள், அந்த இடம் பல லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதாகக் காட்டின. டிஎன்ஏ மடிந்து வளைவது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். வரைபடத்தில் நேர்கோடாகப் பார்க்கும்போது மறந்துவிடுகிறது.

10. மெஷின் லேர்னிங், இப்போது

இதைக் கடைசியில் வைத்ததற்கு எனக்குத் திட்டு விழுந்திருக்கிறது. ஆனாலும் மாற்ற மாட்டேன். நூறு நோயாளிகள், 20 ஆயிரம் மரபணுக்கள் என்றால் எதையும் எதோடும் பொருத்திக் காட்டலாம்.

முதல் தவறு கசிவு. எல்லாச் சாம்பிளையும் பார்த்து "சிறந்த 50 மரபணுக்களை"த் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் பயிற்சி, சோதனை என்று பிரிப்பது. சோதனைச் சாம்பிள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. முதலில் பிரியுங்கள், மரபணுத் தேர்வு பயிற்சிப் பகுதிக்குள்ளேயே நடக்கட்டும். ஒருவரிடமிருந்து இரண்டு சாம்பிள் இருந்தால் இரண்டும் ஒரே பக்கம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: நோய் என்ற நெடுவரிசையைக் கண்டபடி கலைத்துவிட்டு, மொத்தப் பகுப்பாய்வையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். நோயாளிகளும் கட்டுப்பாடுகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கை என்றால், துல்லியம் நாணயம் சுண்டிப் போட்ட அளவுக்கு இறங்க வேண்டும். கலைத்த பிறகும் 85 சதவீதம் வருகிறது என்றால் கசிவு இருக்கிறது.

இரண்டாவது, எளிய மாடலோடு ஒப்பிடாமல் விடுவது. வயது, பால் மட்டும் கொண்ட ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் எவ்வளவு தருகிறது என்று முதலில் பாருங்கள். மூன்றாவது, ஒரே இடத்துத் தரவு. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா தேடப் பழக்கிய மாடல்கள், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே கண்டுகொண்டு அதைக் குறுக்குவழியாக்கியது வெளிவந்திருக்கிறது. வேறு இடத்துத் தரவில் சோதிக்காத மாடலைப் பற்றிப் பேச வேண்டாம்.

11. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம், அப்புறம் விண்ணப்பம்

மாறியதற்குச் சான்று, சான்றிதழ்கள் அல்ல. ஆய்வேட்டில் நீங்களே செய்த ஒரு பகுப்பாய்வு அத்தியாயமும், வேறொருவர் இறக்கி ஓட்டினால் அதே படங்கள் வரும் ஒரு கிட்ஹப் தொகுப்பும் இருந்தால் போதும். அனுப்புவதற்கு முன் நண்பர் ஒருவரின் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் முறை ஓடாது. உங்கள் பெயர் உள்ள கோப்புறை முகவரி எங்காவது ஒளிந்திருக்கும், ஏதாவது ஒரு தொகுப்பின் பதிப்பு வேறாக இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு அனுப்புங்கள்.

சோதனைக்கூட வேலையை விண்ணப்பத்தில் ஒளிக்காதீர்கள். கணினித் துறையிலிருந்து வருகிறவர்கள் உங்களைவிட நன்றாகக் கோடு எழுதுவார்கள். அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. ஆர்என்ஏ சிதைந்தால் தரவில் எப்படித் தெரியும், எந்த ஆன்டிபாடியை நம்பலாம் என்பது உங்களுக்குத் தெரியும். நேர்காணலில் விசித்திரமான ஒரு படத்தைக் காட்டி "முதலில் எதைப் பார்ப்பீர்கள்" என்று கேட்டால், சாம்பிள் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

நீங்களும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். இங்கே என்னைத் தவிரக் கோடு எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம் என்றால் உங்கள் பிழையைப் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம், தரவு வந்துவிட்டதா, வரப்போகிறதா? "அடுத்த மாதம் வந்துவிடும்" என்று எனக்குச் சொன்ன ஓர் இடத்தில் ஏழு மாதம் கழித்துத்தான் முதல் கோப்பைப் பார்த்தேன். நோயாளிகள் எல்லாரும் ஒரு பேட்ச், கட்டுப்பாடுகள் எல்லாம் இன்னொரு பேட்ச்.